ஐந்தாம் அறையின் ரைஸ் குக்கர்

நான் பொய் சொல்வதில்லை. நடந்ததைக் கொஞ்சம் பெருக்கிச் சொல்வேன், அவ்வளவுதான். கோலசிலாங்கூர் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற எங்கள் ஹோட்டலில் ஒரு முதலை தங்கிவிட்டுப் போனது என்று சொன்னபோது யாரும் நம்பவில்லை. வெள்ளம் வந்த வருடம். ஆற்றிலிருந்து நேராக என் மேசைக்கு முன்னால் வந்து நின்றது. அறை வேண்டுமா என்று கேட்டேன், வாலை ஆட்டியது. கீழ்த்தளத்தில் ஓர் அறையைக் கொடுத்தேன். அது கிளம்பிப் போன பிறகு பார்த்தால் ஒரு துண்டுகூடக் குறையவில்லை. மனிதர்கள் தங்கினால் அப்படிச் சொல்ல முடியாது.

சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துக்கொள்ளுங்கள். இனி சொல்லப்போவதில் நான் ஒன்றையும் பெருக்கவில்லை. பெருக்கவே தேவைப்படாத அளவுக்குப் பண்ணிவைத்திருக்கிறேன்.

என் பெயர் இராமையா. புக்கிட் ரோத்தான் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் மண்டோராக, அதாவது கங்காணியாக, இருந்தேன். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபின் சுகுமாறன் தம்பி என்னைத் தன் ஹோட்டலுக்கு அழைத்துக்கொண்டார். அவர் கிள்ளானில் இருக்கிறார். இங்கே மேசையில் நான், அறை கூட்ட கண்மணி. கண்மணி அந்தக் காலத்தில் என் கீழ் பால்மரம் வெட்டியவள். அதனால் எனக்கு மரியாதை கொடுக்கத் தேவையில்லை என்பது அவள் கணக்கு.

வேலைக்குச் சேர்ந்த அன்றே சுகுமாறன் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டார்.

"தாத்தா, சாவியக் குடுத்துட்டா அந்த ரூம் அவங்க வீடு. நானே வந்தாலும் தட்டித்தான் போகணும். போலீசே வந்தாலும் பேப்பர் இருக்கான்னு கேளுங்க, எனக்கு போன் போடுங்க. நீங்களா திறக்காதீங்க."

"கட்டடம் உங்களுது, கதவு உங்களுது. அப்புறம் என்னா தம்பி?"

"வாடகை வாங்கிட்டோம்லா, தாத்தா."

சரி என்று தலையாட்டினேன். ஆனால் உள்ளே ஏறவில்லை. தோட்டத்தில் வீடு கம்பெனியுடையது. காலைப் பெரட்டில் பெயர் கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால், நான் வேலையாட்கள் குடியிருக்கிற லயத்துக்குப் போய்க் கதவைத் தள்ளுவேன். காய்ச்சல் என்று படுத்திருப்பவனின் போர்வையை விலக்கிப் பார்ப்பேன். தட்டிவிட்டு உள்ளே போகும் மண்டோரை அந்த வட்டாரத்தில் யாரும் பார்த்ததில்லை. ஏன் வந்தாய் என்று ஒருவரும் கேட்டதில்லை. கேட்கலாம் என்பது அவர்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

தனுஜா வந்தது ஒரு திங்கட்கிழமை மத்தியானம். நாற்பதை நெருங்குகிற வயது. ரவாங்கில் தொழிற்சாலை வேலை என்றாள். தோளில் துணிப்பை. கையில் ஒரு ரைஸ் குக்கர் பெட்டி.

"அறையில சமைக்கக் கூடாதும்மா."

"சமைக்க மாட்டேன், ஐயா."

"அப்புறம் எதுக்கு குக்கர்?"

"ரிப்பேர்."

"ரிப்பேரான குக்கர ஊர்சுத்திக் காட்டுறியா? குடு, நான் தூக்கிட்டு வரேன்."

"வேணாம், வேணாம்." பெட்டியை இடுப்பில் பிள்ளையை வைப்பதுபோல் வைத்துக்கொண்டாள். "ரூம் கூட்ட யாரும் வர வேணாம், ஐயா. நானே கூட்டிக்குவேன்."

ஐந்தாம் அறையைக் கொடுத்தேன். அன்று மாலை நடைபாதையைத் துடைக்கிற சாக்கில் அந்தக் கதவருகே கொஞ்சம் மெதுவாகத் துடைத்தேன். உள்ளே அவள் பேசுவது கேட்டது.

"காத்து நிக்கலயாம்மா. படகுக்காரரு நாளைக்குப் பாப்போம்னாரு. இன்னும் ஒரு நாள் பொறுத்துக்க."

பதில் இல்லை. போனில் பேசுகிறாள் என்று எந்த நல்ல மனிதனும் நினைத்திருப்பான். நானும் நினைத்தேன். ஆனால் மறுநாள் கண்மணி வந்து, "அண்ணே, அந்தப் பொண்ணோட போனு காலையிலேர்ந்து கீழ மேசையிலதான் சார்ஜுல கெடக்கு, நேத்தும் அப்படித்தான். அது யாருகிட்ட பேசுது?" என்று கேட்டுவிட்டுப் போனாள். அதற்குமேல் நான் என்ன செய்வேன்? என் தலை அப்படிப்பட்ட தலை.

தனபாலனின் ஒட்டுக்கடையில் பசியாறப் போனபோது வாயைத் திறந்தேன். ஐந்தாம் அறைப் பெண்ணிடம் இருப்பது குக்கர் இல்லை என்றேன். ஜப்பான்காரன் வந்த சமயம் ஒரு வெள்ளைக்காரத் துரை தன் மனைவியின் நகையையெல்லாம் பானையில் போட்டுப் பால்மரத்தடியில் புதைத்துவிட்டுக் கப்பலேறினான். அந்த மரத்தை வெட்டியவர் இவளுடைய பாட்டன். பானை இப்போது குக்கர் பெட்டிக்குள் இருக்கிறது. இரவானால் இவள் பானையோடு பேசுகிறாள், பானையும் பதில் சொல்கிறது.

"எந்த பாசையில?" என்றான் தனபாலன்.

"இங்கிலீசுல. துரையோட நகையாச்சே."

கடையே சிரித்தது. எனக்கு இன்னொரு கிளாஸ் தே தாரேக் இனாமாக வந்தது. தனபாலன் கையில் கைப்பேசியைப் பிடித்திருந்தான். அதைக் கையில் பிடிக்காமல் அவன் எப்போது இருந்தான் என்று நானும் கவனிக்கவில்லை.

புதன்கிழமை காலை தனுஜா கிராப் வண்டி ஏறி, கடலோரத்து மீனவர் ஊரான சுங்கை செம்பிலாங் போனாள். முந்தின நாளும் அங்கேதான் போய் வந்தாள். போகும்போது என்னைப் பார்த்து, "இன்னைக்குக் காத்து கொறையும் போல, ஐயா," என்றாள். வெளியே மரங்கள் அசையாமல் நின்றன. "ஆமாம்மா," என்றேன்.

அவள் போய்க் கொஞ்ச நேரத்தில் ஒருவன் காடியை அவசரமாக நிறுத்திவிட்டு வந்தான். அவளுடைய மூக்கும் நெற்றியும் அவன் முகத்திலும் இருந்தன. சட்டை கசங்கியிருந்தது.

"அங்கிள், என் பேரு திலீப். தனுஜா என் தங்கச்சி. இங்கதான இருக்கா?"

"யாரு தங்கியிருக்காங்கன்னு நாங்க சொல்லக்கூடாது, தம்பி."

அதைச் சொன்னபோது எனக்கே என்னைப் பிடித்திருந்தது. சுகுமாறன் கேட்டிருந்தால் சம்பளத்தை உயர்த்தியிருப்பார்.

அவன் கைப்பேசியை எடுத்து அழுத்தி மேசைமேல் வைத்தான். அதிலிருந்து என் குரல் வந்தது. துரை, பால்மரம், பானை, குக்கர் பெட்டி, எங்கள் ஹோட்டல் பெயர், ஐந்தாம் அறை, எல்லாம் வந்தது. கடைசியில் கடை முழுதும் சிரிக்கிற சத்தம்.

"கோயில் வாட்சப் குருப்புல வந்திச்சு. இது நீங்கதான அங்கிள்?"

என் குரலை இல்லை என்று சொல்ல என்னாலேயே முடியவில்லை.

"இவ்வளோ சொல்லிட்டு இப்ப சொல்லக்கூடாதுன்னா எப்படி அங்கிள்? போன் எடுக்க மாட்றா. வீட்ட விட்டு வந்து மூணு நாளாச்சு. ரூமுல ஏதாச்சும் பண்ணிக்கிட்டா? திறங்க அங்கிள், பாத்துட்டுப் போயிடுறேன்."

இந்த இடத்தில்தான் நீங்கள் என்னைக் கவனிக்க வேண்டும். அவள் அறையில் இல்லை என்பது எனக்குத் தெரியும். உயிரோடு, சிரித்த முகத்தோடு, என் கண்முன்னால் வண்டி ஏறியிருந்தாள். "தம்பி, தங்கச்சி நல்லா இருக்கு, சாயங்காலம் வா," என்று சொல்லியிருந்தால் முடிந்தது. கிள்ளானுக்கு போன் போட்டிருந்தாலும் முடிந்தது. போன் என் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

நான் சாவியை எடுத்தேன். அவனுக்காக எடுக்கவில்லை. அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று எனக்குப் பார்க்க வேண்டியிருந்தது. நான் சொன்ன கதை உண்மையாக இருந்துவிட்டால் என்ன ஆகும் என்று உள்ளுக்குள் ஒரு சின்னப்பிள்ளை குதித்துக்கொண்டிருந்தது.

கதவைத் தட்டக்கூட இல்லை. பழைய கை. தள்ளிக்கொண்டு போய்விட்டேன்.

அறை கூட்டிப் பெருக்கிச் சுத்தமாக இருந்தது. கட்டிலில் படுத்த அடையாளம் ஒரு பக்கம்தான். மறுபக்கம் தலையணைமேல் குக்கர் பெட்டி. அதன் முன்னால் ஒரு டம்ளர் தேநீர், ஆடை படிந்து. ஒரு பன், பிய்க்காமல். பக்கத்தில் பேட்டரியில் எரிகிற சின்ன மெழுகுவத்தி. நெருப்பு வைத்தால் கூரையில் மணி அடிக்கும் என்று நான்தான் அவளிடம் சொல்லியிருந்தேன்.

திலீப் வாசலிலேயே நின்றுவிட்டான். "அம்மா," என்றான்.

எனக்குப் புரியவில்லை. தங்கச்சியைத் தேடி வந்தவன் ஏன் அம்மாவைக் கூப்பிடுகிறான் என்று நினைத்துக்கொண்டே, பெட்டியின் கனத்தைப் பார்க்க இரண்டு கையாலும் தூக்கினேன். கடற்காற்றில் ஊறிய அட்டை. அடி விட்டுவிட்டது. உள்ளிருந்து மஞ்சள் துணி கட்டிய மண்கலயம் ஒன்று நழுவிக் கட்டில் விளிம்பில் பட்டு, இரண்டாகப் பிளந்து தரையில் விழுந்தது.

தமிழனுக்கு அந்த மஞ்சள் துணியையும் கலயத்தையும் யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. சாம்பல் என் கால்விரல்கள் மேலும் கிடந்தது.

"தங்கம்னு சொன்னீங்களே, அங்கிள்." அவன் கத்தவில்லை. கத்தியிருக்கலாம். "பானைகூட பேசுறான்னு கேட்டதும் எனக்குத் தெரிஞ்சிபோச்சு. எங்கம்மா."

அவன் மண்டியிட்டு இரண்டு கையாலும் அள்ளினான். வைக்க ஒன்றும் இல்லை. தலையணை உறையை உருவிக் கொடுத்தேன். எங்கள் ஹோட்டல் பெயர் மூலையில் அச்சடித்த உறை. அள்ளிக்கொண்டே பேசினான். கொள்ளி வைத்தவன் அவன்தானாம், சாம்பலைக் கரைக்க வேண்டியதும் அவன்தானாம். பள்ளி விடுமுறையில் காசிக்குக் கொண்டுபோக ஏற்பாடு செய்திருந்தானாம். தங்கச்சி விடியுமுன் சுடுகாட்டுக்குப் போய்ச் சாம்பலை வாங்கிக்கொண்டு ஓடிவிட்டாளாம். அவன் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை.

"அம்மா எங்க கேட்டாங்க, காசியா?" என்றேன். ஏன் கேட்டேனோ.

"எங்கிட்ட ஒன்னும் கேக்கல. நான் போய்ப் பாத்தே ரொம்ப நாளாச்சு, அங்கிள்." அள்ளுவதை நிறுத்தாமல் சொன்னான். அழுதுகொண்டிருந்தான்.

உறையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு காடியில் ஏறிப் போய்விட்டான். நான் தடுக்கவில்லை. அண்ணனா தங்கையா, யாருக்கு உரிமை என்பது என் வழக்கு இல்லை. கதவு ஒன்றுதான் என் கையில் இருந்தது.

கண்மணி துடைப்பத்தோடு வந்து எட்டிப் பார்த்தாள்.

"துடைப்பத்த உள்ள கொண்டாராத!"

தரையைப் பார்த்தாள். கலயத்துண்டைப் பார்த்தாள். துடைப்பத்தை வெளியே சாத்திவிட்டு, "இன்னும் மண்டோர் வேலதான் பாக்குறியாண்ணே?" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். முப்பது வருடமாக அவள் கதவை எத்தனை தடவை தள்ளியிருக்கிறேன் என்று அன்றைக்குத்தான் யோசித்தேன்.

கட்டிலுக்கடியிலும் தரையோடுகளின் இடுக்கிலும் தங்கியதைப் புது நாளிதழ்த்தாளால் கூட்டி எடுத்தேன். ஒரு டம்ளரில் பாதிக்கு வந்தது. மேலே மஞ்சள் துணியைக் கட்டினேன். முட்டி வலித்தது. வலிக்கட்டும் என்று இன்னொரு முறையும் கட்டிலுக்கடியில் போய்ப் பார்த்தேன்.

தனுஜா ஓடி வந்தாள் என்றே சொல்ல வேண்டும். "ஐயா, காத்து நின்னிருச்சு! படகுக்காரரு பாக் மான் இன்னைக்கே போலாம்னுட்டாரு..." அப்புறம் திறந்திருந்த கதவைப் பார்த்தாள்.

டம்ளரை நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"யாரு திறந்தது?"

கண்மணி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். உண்மை மூன்று எழுத்துச் சொல்தான், 'நான்'கூட அதைவிடச் சின்னது. ஆனால் என் வாய் பழகிய பாதையில் போனது.

"போலீஸ் வந்தாங்கம்மா. ரெண்டு பேரு. உங்கண்ணனோட. பேப்பர் வச்சிருந்தாங்க. ஒருத்தருக்கு மீசை இங்கேர்ந்து இங்க வரைக்கும். திறக்க மாட்டேன்னு குறுக்க நின்னேன். தள்ளிவிட்டுட்டாங்க. அதுலதான் பான..."

முதலைக் கதையை நம்பாத உலகம் இது. அவள் இதை நம்பினாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அடி பட்டுச்சா, ஐயா? என்னால உங்களுக்குக் கஷ்டம்."

அவள் கண்மணியைவிட நல்லவளாக இருந்ததுதான் தாங்க முடியவில்லை. கண்மணி துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

தனுஜா அண்ணனைக் கூப்பிட்டுப் பார்த்தாள். அவன் எடுக்கவில்லை. பிறகு டம்ளரை என்னிடமிருந்து வாங்கி, கட்டிலில் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டாள். அம்மா தோட்டத்து வேலை போனபின் சுங்கை செம்பிலாங்கில் கெராங் சிப்பி பொறுக்கப் போனவளாம். செத்தால் கெராங் படகு போகிற தண்ணீரில் விடு, அந்தப் பக்கம் காற்று நன்றாக வரும் என்று சொல்லியிருந்தாளாம். "அண்ணங்கிட்ட சொன்னேன். மீனவன் ஊர்லயா விடுறதுன்னு கேட்டான்," என்றாள். பிறகு எழுந்தாள்.

"இது போதும், ஐயா. படகு காத்துக்கிட்டிருக்கு. தனியாப் போக ஒரு மாதிரியா இருக்கு. பெரியவங்க நீங்க கூட வரீங்களா?"

மாட்டேன் என்று சொல்ல ஒரு காரணம்கூடக் கிடைக்கவில்லை. கதை கட்டுகிறவனுக்கு அன்று கதை வரவில்லை.

பாக் மான் படகின் பின்னால் இயந்திரத்தருகே இருந்தார். தனுஜா முன்பக்கம். நான் நடுவில், அவளைப் பார்த்தபடி. டம்ளரை என் கையில் கொடுத்திருந்தாள். படகுத்துறையிலிருந்து படகுக்கு இறங்கும்போது பிடித்துக்கொள்ளக் கை வேண்டும் என்று. அலையே இல்லை. வழி நெடுக அவள் எனக்கு நன்றி சொல்லிக்கொண்டே வந்தாள். குறுக்கே நின்றதற்காக. தள்ளு வாங்கியதற்காக. கீழே கிடந்ததை மிதிக்க விடாமல் எடுத்ததற்காக.

"எங்கம்மா இருந்தா உங்கள அண்ணன்னு கூப்பிட்டிருக்கும்," என்றாள்.

பாக் மான் இயந்திரத்தை நிறுத்தினார். அமைதியில் தண்ணீர் பலகையில் மோதுவது மட்டும் கேட்டது. அவள் கையை நீட்டினாள்.

"நீங்களும் ஒரு கை போடுங்க, ஐயா."

"போலீஸ் வரலம்மா," என்றேன்.

அவள் கை நீட்டியபடியே இருந்தது.

"உங்கண்ணன் மட்டுந்தான் வந்தான். நான்தான் திறந்தேன். நீ வெளிய போனது தெரிஞ்சும் திறந்தேன். பெட்டியத் தூக்கிக் கீழ போட்டதும் நான்தான். உங்கண்ணன் வந்ததே என் வாயாலதான், ஒட்டுக்கடையில நான் கட்டிவிட்ட கத. இதுல..." டம்ளரைக் காட்டினேன். "இதுல கட்டிலுக்கடித் தூசியும் இருக்கு. எவ்வளவுன்னு எனக்குத் தெரியல."

நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள்.

"எதுக்குத் திறந்தீங்க?"

"உள்ள என்னா இருக்குன்னு பாக்க."

"எங்கிட்ட கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா சொல்லியிருப்பியா?"

"மாட்டேன்," என்றாள். "சொல்ல மாட்டேன். எங்கம்மா அது."

டம்ளரை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். பிடுங்கவில்லை, விரல் படாமல் வாங்கினாள்.

"திரும்பி உக்காருங்க."

திரும்பினேன். என் எதிரில் பாக் மான். அவர் யாரும் சொல்லாமலே எப்போதோ தலையைக் குனிந்து, ஒன்றுமில்லாத ஒரு கயிற்றை அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் தூரத்தில் கரை, கண்டல் மரங்கள், கெராங் கொட்டகைகளின் தகரக்கூரை.

என் முதுகுக்குப் பின்னால் அவள் பேசினாள். தாயும் மகளும் பேசுகிற மாதிரிதான் இருந்தது, சாதாரணமாக. ஒரு சொல்கூட என் காதில் பிடிபடவில்லை. கழுத்து என்னைக் கேட்காமலே திரும்பப் பார்த்தது. அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ளாத குறைதான். ஒரு முறை சிரித்தாள் என்று நினைக்கிறேன். அழுகையாகவும் இருக்கலாம். பிறகு தண்ணீரில் ஏதோ மெல்ல விழுகிற சத்தம். மொத்தமாகப் போட்டாளா, கொஞ்சம் கொஞ்சமாகத் தூவினாளா, துணியை அவிழ்த்தாளா, தூசியைப் பிரித்தாளா, தெரியாது. தனபாலன் இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறான். என்னிடம் அவனுக்குக் கொடுக்க ஒன்றுமில்லை.

"போலாம், பாக் சிக்," என்று அவள் குரல் படகுக்காரரிடம் சொன்னது.

இயந்திரம் உறுமியது. படகு கரையைப் பார்த்து வளைந்தது. திரும்பி உட்காரலாம் என்று அவள் என்னிடம் சொல்லவில்லை, அதனால் நான் அப்படியே இருந்தேன். இப்போது என் முகம் கடலைப் பார்த்திருந்தது. அவள் எந்தத் தண்ணீரில் விட்டாளோ அந்தத் தண்ணீர் பாக் மானின் தோளுக்குப் பின்னால் விரிந்து விலகிக்கொண்டிருந்தது. திரும்பி உட்காரச் சொன்னது இந்தத் தண்ணீரையும் பார்க்காதே என்றுதானா என்று கேட்க வேண்டும்போல் இருந்தது. கேட்கத் தைரியம் வரவில்லை.

கண்ணை மூடிக்கொண்டேன்.